லேப்டாப் 400 மெகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது: கர்னலில் கவர்னரை மாற்றினால் சரியாகுமா?

பேட்டை டிடிபி

வணக்கம் மக்களே. பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். பத்திரிகை, நோட்டீஸ் வேலை போக, பழைய கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர் எல்லாம் ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறேன். அதற்கு டெசராக்ட் என்ற எழுத்தறியும் மென்பொருளை ஓட்டுவது ஒரு லினக்ஸ் லேப்டாப்பில். இன்டெல் ஐ5-8250யு, 8 ஜிபி ராம், உபுண்டு 22.04.

கொஞ்ச நாளாக ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கவே பாடாய்ப் படுத்துகிறது. டெர்மினலில் பார்த்தால் எல்லா கோரும் 400 மெகாஹெர்ட்ஸை விட்டு நகரவில்லை. செயலியின் வேகத்தை முடிவு செய்யும் கவர்னர் என்ற இடத்தில் பவர்சேவ் என்று இருக்கிறது. ஆன்டிமாண்ட் வை, ஸ்கெட்யூட்டில் வை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். என் மெஷினில் கிடைக்கிற பட்டியலில் பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் இரண்டுதான் உண்டு. லினக்ஸின் உட்கருவான கர்னலைத் திரும்பக் கம்பைல் செய்தால்தான் மற்றவை வருமா? ஆனித் தேரோட்டத்துக்கு முன்னால் ஒரு மலரை முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

தென்காசி சாரல்

அண்ணாச்சி, கம்பைல் எல்லாம் வேண்டாம். சிபியுபவர் கருவியை நிறுவி கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றிவிடுங்கள். நான் எல்லா மெஷினிலும் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறேன்.

பேட்டை டிடிபி

மாற்றிப் பார்த்தேன் தம்பி. பெர்ஃபார்மன்ஸ் என்று காட்டுகிறது. ஓட்டம் அதே 400தான்.

பாளை ஆசிரியை

கல்லூரியில் இயங்குதளப் பாடம் எடுக்கிறேன். மாணவர்களும் அடிக்கடி கேட்கிற விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பட்டியலில் இரண்டே கவர்னர் இருப்பது பற்றி. அது கோளாறு இல்லை. லினக்ஸ் கர்னலில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு சிபியுஃப்ரீக் என்று பெயர். அதில் எந்த நேரம் எவ்வளவு வேகம் வேண்டும் என்று முடிவு எடுப்பது கவர்னர். அந்த முடிவை அந்தந்தச் செயலிக்குப் புரிகிற விதத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிரைவர். ஆன்டிமாண்ட் 2004-லேயே வந்துவிட்டது. குறிப்பிட்ட இடைவெளியில் செயலி எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று பார்த்து, வரம்பைத் தாண்டினால் ஒரே தாவில் உச்சத்துக்குப் போகும். கன்சர்வேட்டிவ் அதையே படிப்படியாகச் செய்யும், இயல்பாக ஒரு படி 5 சதவீதம். 2016-இல் 4.7 கர்னலோடு வந்த ஸ்கெட்யூட்டில் தனியாக அளப்பதில்லை. எந்த வேலையை எப்போது ஓடவிடுவது என்று பார்க்கும் ஷெட்யூலர் ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் கால் பங்கு கூட்டி வேகத்தைக் கேட்கும்.

2013-இல் 3.9 கர்னலில் இன்டெல்-பிஸ்டேட் என்ற டிரைவர் வந்தது. அதன் ஆக்டிவ் முறையில் இந்தப் பொதுக் கவர்னர்களுக்கு வேலையே கிடையாது. முடிவெடுப்பதும் அதுவேதான். பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ் என்ற இரண்டு பெயரை மட்டும் வெளியே காட்டும். அந்தப் பவர்சேவ் பழைய பவர்சேவ் மாதிரி அடிமட்ட வேகத்தில் கட்டிப்போடுவது இல்லை. வேலை வந்தால் அடிப்படை வேகத்தைத் தாண்டி, டர்போ எனப்படும் உச்ச வேகம் வரைக்கும் ஏறும். ஸ்கைலேக் தலைமுறை முதல் செயலியே தன் வேகத்தை முடிவு செய்துகொள்கிறது; கர்னல் "வேகம் முக்கியம்", "மின்சாரம் முக்கியம்" என்று ஒரு குறிப்புதான் கொடுக்கிறது. அந்தக் குறிப்பு எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் ப்ரெஃபரன்ஸ் என்ற கோப்பில் இருக்கும். உங்கள் 8250யு அந்த வகைதான்.

கணினி தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் இன்டெல்-பிஸ்டேட்டுக்கு பாசிவ் என்று கொடுத்தால் ஆன்டிமாண்ட், ஸ்கெட்யூட்டில் எல்லாம் பட்டியலில் வந்துவிடும். கம்பைல் தேவை இல்லை. ஆனால் அதனால் உங்கள் 400 நகராது என்று நினைக்கிறேன். கவர்னர் என்பது வயல் மடையில் நிற்கிற ஆள். மடையை எவ்வளவு திறந்தாலும், மேலே கால்வாய் ஷட்டரை இறக்கி வைத்திருந்தால் வயலுக்குத் தண்ணீர் வராது. பெர்ஃபார்மன்ஸ் போட்டும் 400 என்றால் மேலே யாரோ அடைத்திருக்கிறார்கள். யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்து எழுதுங்கள். ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரீக் கோப்பில் என்ன எண் இருக்கிறது. அது கிலோஹெர்ட்ஸ் கணக்கு, 3400000 என்று இருக்க வேண்டும். பிறகு டெசராக்ட் ஓடும்போதே டர்போஸ்டாட் ஓட்டி, உண்மையான வேகமும் வெப்பமும் எவ்வளவு என்று பாருங்கள். இன்னொன்று, டிஎல்பி மாதிரி மின்சேமிப்பு மென்பொருள் ஏதாவது நிறுவியிருக்கிறீர்களா? உபுண்டுவில் ஏற்கெனவே பவர்-ப்ரொஃபைல்ஸ்-டெமன் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருந்தால் ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துக்கொண்டிருக்கும்.

அம்பை சர்வீஸ்

சார்ஜர் கம்பெனியோடு வந்ததா, வெளியே வாங்கியதா?

பேட்டை டிடிபி

டீச்சர், மேக்ஸ் 3400000 என்றுதான் இருக்கிறது. டிஎல்பி இல்லை. டர்போஸ்டாட்டில் வேலை 99 சதவீதம், வேகம் 400 சுற்றி, வெப்பம் 47 டிகிரி. நம்ம ஊர் வெயிலுக்கு 47 என்பது ஒன்றுமே இல்லை.

அண்ணாச்சி, பழைய சார்ஜர் ஒயர் பிய்ந்துவிட்டது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் வேறு வாங்கினேன். அதே முனை, அதே வோல்டேஜ் பார்த்துதான் கொடுத்தார்கள்.

அம்பை சர்வீஸ்

சரி. பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது டெசராக்டை ஓடவிட்டு, சார்ஜரை உருவுங்கள். அப்புறம் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரோடு ஆன் செய்யும்போது திரையில் முதலில் என்ன எழுத்து வருகிறது என்று நின்று படியுங்கள். பெரும்பாலும் எல்லோரும் அதைப் படிக்காமல் என்டர் தட்டிவிடுவார்கள்.

பேட்டை டிடிபி

உருவின உடனே 3000-க்கு மேல் போய்விட்டது! திரும்பச் செருகினால் பழைய 400. ஆன் செய்யும்போது, அடாப்டர் எத்தனை வாட் என்று கண்டறிய முடியவில்லை, கணினி மெதுவாக இயங்கும் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் வருகிறது.

அம்பை சர்வீஸ்

அவ்வளவுதான் விஷயம். உங்கள் சார்ஜர் முனையைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய கம்பி இருக்கும். கரண்ட் வருவது சுற்றியுள்ள உலோகத்தில். நடுக் கம்பி பேசுவதற்கு. "நான் 65 வாட்", "நான் 45 வாட்" என்று சார்ஜர் அதன் வழியாகத்தான் லேப்டாப்புக்குச் சொல்லும். மலிவு சார்ஜர் சிலவற்றில் அந்தக் கம்பிக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. அசல் சார்ஜரிலும் ஒயர் முனையில் மடிந்து மடிந்து உள்ளே அந்த ஒரு இழை மட்டும் அறுந்துபோகும். சார்ஜ் ஏறுவது போலவே இருக்கும், வேகம் மட்டும் போய்விடும். என் கடைக்கு "விண்டோஸ் மாற்றிக் கொடுங்கள், ஸ்லோவாக இருக்கிறது" என்று வருவதில் இதுவும் உண்டு. ஓஎஸ் மாற்றிக் காசு வாங்கினால் அது பாவம்.

எத்தனை வாட் என்று தெரியாதபோது மதர்போர்டு பயந்துகொள்ளும். ப்ராக்ஹாட் என்று செயலியில் ஒரு கம்பி உண்டு. செயலி கொதித்தால் அதுவே வெளியே சொல்ல இருந்த கம்பி. வெளியிலிருந்து போர்டும் அதே கம்பியை இழுத்து "வேகத்தைக் குறை" என்று சொல்லலாம். இழுத்துவிட்டால் செயலி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். லினக்ஸ், விண்டோஸ் எதில் என்ன மாற்றினாலும் கேட்காது.

தென்காசி சாரல்

அண்ணாச்சி, இதற்குப் புதுச் சார்ஜர் வாங்க வேண்டாம். செயலியில் 1எஃப்சி என்ற பதினறும எண் உள்ள ரெஜிஸ்டரில் கடைசி பிட்டை 0 ஆக்கினால், வெளியிலிருந்து வரும் ப்ராக்ஹாட்டைச் செயலி காதில் போட்டுக்கொள்ளாது. எம்எஸ்ஆர்-டூல்ஸ் நிறுவினால் ஒரே கட்டளை. என் நண்பனின் லேப்டாப்பில் செய்து கொடுத்திருக்கிறேன், நன்றாக ஓடுகிறது.

பாளை ஆசிரியை

தம்பி சொல்லும் வழி இருப்பது உண்மை. ஆனால் இந்த இடத்தில் அதைச் செய்யக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். போர்டில் உள்ள சென்சார் செத்துப்போய், காரணமே இல்லாமல் கம்பியை இழுக்கிறது என்றால் அந்த பிட்டை அணைப்பதில் ஒரு நியாயம் உண்டு. இங்கே அப்படி இல்லை. அந்தச் சார்ஜர் எத்தனை வாட் தாங்கும் என்று நமக்கும் தெரியாது, லேப்டாப்புக்கும் தெரியாது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு மணிக்கணக்கில் டெசராக்ட் ஓட்டினால் அந்த அடாப்டர் எவ்வளவு சூடாகும்? சுற்றிலும் காகிதக் கட்டு இருக்கிற கடை.

இன்னொன்று, செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்தே கர்னலை ஏற்றும் பாதுகாப்பு) போட்டிருந்தால் புதிய கர்னல்கள் எம்எஸ்ஆர் எனப்படும் இந்த மாதிரி ரெஜிஸ்டர்களில் எழுத விடாது. 5.4 முதல் லாக்டவுன் என்ற பூட்டு உள்ளது. இதற்காக செக்யூர் பூட்டை எடுத்துவிடச் சொல்லி எழுதியிருப்பார்கள். ஒரு சார்ஜர் விலைக்கு அது தேவையா என்று யோசித்துப் பாருங்கள்.

தென்காசி சாரல்

சரிதான் மேடம். காகிதக் கட்டு பற்றி நான் நினைக்கவில்லை. அண்ணாச்சி, சார்ஜரே வாங்கிவிடுங்கள்.

சுத்தமல்லித் தம்பி

நடுவில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கர்னல் கம்பைல் செய்து டீஃபால்ட் கவர்னரை மாற்றிக் காட்டுவது என் மினி ப்ராஜெக்ட். விர்ச்சுவல்பாக்ஸில்தான் செய்கிறேன். கம்பைல் முடிந்து பூட் ஆகிறது. ஆனால் சிபியுஃப்ரீக் என்ற அடைவே உள்ளே இல்லை. கான்ஃபிக்கில் எல்லாம் ஒய் என்றுதான் இருக்கிறது.

பாளை ஆசிரியை

தம்பி, உன் கான்ஃபிக் சரியாகவே இருக்கலாம். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் கர்னலுக்குச் செயலியின் வேகத்தைத் தொடும் உரிமையைப் பொதுவாகக் கொடுப்பதில்லை. அது வெளியே ஓடுகிற கர்னலின் வேலை. உள்ளே டிரைவர் ஒட்டாததால் அடைவு உருவாகவில்லை. நிஜ மெஷினில் செய். சீனியர் யாரிடமாவது அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருந்தால் கேட்டு வாங்கு. அதை உடைத்தாலும் திரும்ப நிறுவிக்கொள்ளலாம்.

மெனுகான்ஃபிக்கில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் சிபியு ஃப்ரீக்வன்சி ஸ்கேலிங் இருக்கும். அங்கே டீஃபால்ட் கவர்னரைத் தேர்ந்தெடுக்கும் இடம் தனி, ஒவ்வொரு கவர்னரையும் சேர்ப்பதா வேண்டாமா என்பது தனி. டீஃபால்ட்டாக ஒன்றை வைத்துவிட்டு மற்றதை மாட்யூலாகப் போடலாம். கீழே டிரைவர்கள்: இன்டெல் பிஸ்டேட், ஏஎம்டி பிஸ்டேட், ஏசிபிஐ. மாணவர்கள் கவர்னரை எல்லாம் சேர்த்துவிட்டு ஏசிபிஐ டிரைவரை விட்டுவிடுவார்கள்; பழைய செயலியில் அப்புறம் ஒன்றும் வராது. அதைக் கவனி.

5.9 கர்னலிலிருந்து டீஃபால்ட் கவர்னரைப் பூட் வரியிலேயே சொல்ல முடியும். கம்பைல் செய்ததற்கும் பூட் வரியில் கொடுத்ததற்கும் என்ன வேறுபாடு என்று உன் அறிக்கையில் ஒரு பக்கம் எழுதினால் தேர்வாளர் கேட்கும் கேள்வி பாதி குறைந்துவிடும். ஏஎம்டி மெஷின் கிடைத்தால் இன்னும் நல்லது. ஏஎம்டி பிஸ்டேட் 5.17-இல், 2022-இல் வந்தது. அதன் ஆக்டிவ் முறை 6.3-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கர்னலில் தேடி ஏமாறாதே.

பணகுடிக் காற்று

என் கதை வேறு, ஆனால் இதே இழையில் கேட்டுவிடுகிறேன். தோட்டத்தில் காற்று வேகம் அளந்து பதிவு செய்ய ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி வைத்திருக்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்களுக்குத்தான் முதலில் தெரியும், அதனால் ஒரு ஆர்வம். கவர்னர் ஆன்டிமாண்ட். சும்மா இருக்கும்போது 600 மெகாஹெர்ட்ஸ், சரி. நாள் முடிவில் வரைபடம் போடும்போது 1500-க்குப் போக வேண்டும், போய்ப் போய்த் திரும்புகிறது. பெர்ஃபார்மன்ஸ் போடலாமா? த்ராட்டில் நிலை கேட்டால் 50000 என்ற பதினறும எண் வருகிறது.

அம்பை சர்வீஸ்

அந்த எண்ணில் பதில் இருக்கிறது. 50000 என்றால் ஆன் செய்ததிலிருந்து எப்போதோ வோல்டேஜ் குறைந்திருக்கிறது, எப்போதோ வேகத்தையும் குறைத்திருக்கிறது என்று பொருள். இப்போது இந்த நொடியில் நடந்தால் 50005 என்று காட்டும். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறித்துக்கொள்ளும். சார்ஜரை விட எனக்கு ஒயர் மேல்தான் சந்தேகம். நீளமான மெல்லிய ஒயர் போட்டிருக்கிறீர்களா? போன் ஒயரில் உள்ளே இருக்கிற செம்பு தலைமுடி கனம்தான். வேலை கூடும்போது கரண்ட் கூடும், ஒயரிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும்.

பெர்ஃபார்மன்ஸ் போட்டால் எந்நேரமும் 1500 கேட்கும், இன்னும் மோசமாகும். வைத்திருப்பது தகரப் பெட்டியா? 80 டிகிரி தாண்டினாலும் அதுவே இறங்க ஆரம்பிக்கும், ஆனால் அதற்கு வேறு எண் வரும். உங்களுக்கு இப்போதைக்கு அது இல்லை.

பணகுடிக் காற்று

ஒயர் நீளம்தான், ஜன்னல் வழியாக வருகிறது. குட்டை ஒயரும் நல்ல அடாப்டரும் போட்டுப் பார்க்கிறேன்.

பேட்டை டிடிபி

புதுச் சார்ஜர் வந்துவிட்டது, அசல். பூட் ஆகும்போது அந்த எழுத்து வரவில்லை. 400 போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

ஆனால் இன்னொன்று தெரிகிறது. டெசராக்ட் ஆரம்பித்ததும் 3400 வரை போகிறது, கொஞ்ச நேரத்தில் 2000-க்கு வந்துவிடுகிறது. வெப்பம் 90-க்கு மேல். கவர்னர் இரண்டில் எதை வைத்தாலும் அப்படியேதான்.

அம்பை சர்வீஸ்

திறந்து பாருங்கள். ஃபேன் இறக்கையில் தூசி இருப்பது கண்ணுக்குத் தெரியும், அதைத் துடைத்துவிட்டு மூடிவிடுவார்கள். முக்கியமான இடம் அது இல்லை. ஃபேனுக்கும் செம்புத் தகடு அடுக்குக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் தூசி படிந்து கம்பளித் துணி மாதிரி அடைத்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் அது தெரியும். பிரஷ்ஷால் தள்ளாமல் இடுக்கியால் பிடித்து எடுத்தால் ஒரே பாளமாக வரும். தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும், வழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பத்திரிகைக் கடை என்பதால் காகிதத் தூளும் சேர்ந்திருக்கும்.

பாளை ஆசிரியை

சுத்தம் செய்தால் 90 இறங்கும். ஆனாலும் 3400-லேயே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 8250யு 15 வாட் செயலி. குறுகிய நேரத்துக்கு அதற்கு மேல் எடுத்துக்கொள்ள விடுவார்கள், பிறகு நீண்டகால வரம்புக்கு இறங்கிவிடும். நான்கு கோரும் முழுசாக வேலை செய்தால் அந்த 15 வாட்டில் எவ்வளவு வேகம் கிடைக்குமோ அதுதான் கிடைக்கும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கணக்குப் புரிந்தால் பலதும் புரியும். செயலி தின்கிற மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் இருபடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தைப் பாதியாக்கி, கூடவே வோல்டேஜை 1-லிருந்து 0.8 ஆக்க முடிந்தால் மின்சாரம் 0.32 பங்காகிவிடும், ஏறக்குறைய மூன்றில் ஒன்று. டர்போவின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் அதனால்தான் மிக விலை உயர்ந்தது. அதற்கு வோல்டேஜை நிறைய ஏற்ற வேண்டியிருக்கும்.

உங்களுக்கு உண்மையில் நேரம் மிச்சமாவது கர்னலில் இல்லை, டெசராக்டை ஓட்டும் விதத்தில். இயல்பாக அது ஒரே பக்கத்துக்குப் பல த்ரெட் (இணையாக ஓடும் துண்டு வேலைகள்) போடும். அவை ஒன்றுக்கொன்று காத்துக் கிடப்பதில் நேரம் போகிறது. ஓஎம்பி த்ரெட் லிமிட் என்ற சூழல் மாறியை 1 ஆக்கிவிட்டு, நான்கு பக்கங்களை ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓட்டுங்கள். உங்களிடம் நான்கு கோர், அதனால் நான்கு.

தென்காசி சாரல்

மேடம், ஒரு கேள்வி. வேகமாக முடித்துவிட்டுச் சீக்கிரம் தூங்குவதுதான் மின்சாரத்துக்கு நல்லது என்கிறார்களே? அதனால்தானே நான் பெர்ஃபார்மன்ஸ் போடுகிறேன்.

பாளை ஆசிரியை

சின்ன வேலைகளுக்கு அது சரி. ஒரு பக்கத்தைத் திறப்பது, ஒரு கோப்பைச் சேமிப்பது மாதிரி. சீக்கிரம் முடித்துவிட்டால் செயலி ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்விடும், மற்றப் பாகங்களும் சேர்ந்து ஓய்வெடுக்கும். ஆனால் பவர்சேவ் முறையிலும் உங்கள் இன்டெல் மெஷின் உடனே ஏறிவிடுகிறது, அதனால் பெர்ஃபார்மன்ஸ் போட்டு நீங்கள் பெறுவது குறைவு. மணிக்கணக்கில் ஓடுகிற வேலைக்கு உறக்கமே வராது. அங்கே கொஞ்சம் கீழ் வேகத்தில் ஓட்டுவதே மொத்த யூனிட்டைக் குறைக்கும்.

இன்னொரு சிக்கல்: பெர்ஃபார்மன்ஸ் வைத்திருக்கும்போது அந்த ப்ரெஃபரன்ஸ் கோப்பில் வேறு எதையும் எழுதவிடாது, பிஸி என்று பிழை வரும். நிறையப் பேர் அதைப் பார்த்து கர்னல் கெட்டுப்போனதாக நினைக்கிறார்கள். முதலில் கவர்னரைப் பவர்சேவுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு எழுதுங்கள்.

பேட்டை டிடிபி

தூசி எடுத்தாயிற்று, சொன்ன மாதிரியே பாளமாக வந்தது. வெப்பம் 80 பக்கம் நிற்கிறது. நான்கு நான்காக ஓட்டுவதில்தான் பெரிய வித்தியாசம் டீச்சர், கண்ணுக்கே தெரிகிறது.

கடைசியாக ஒன்று. கரண்ட் போனால் கடை இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது. அப்போது மட்டும் வேகம் குறைந்தால் போதும். டிஎல்பி போட்டால் தானாக மாறிக்கொள்ளுமா?

அம்பை சர்வீஸ்

மாறாது. இன்வெர்ட்டரிலிருந்து வந்தாலும் லேப்டாப்புக்குச் சார்ஜர் செருகியிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். லைன் கரண்டா, இன்வெர்ட்டரா என்று அதற்குத் தெரியாது. சார்ஜரை உருவிவிட்டால் பேட்டரி என்று புரிந்துகொள்ளும்.

பாளை ஆசிரியை

ஆமாம். அதனால் கையால் மாற்றுவதுதான் எளிது. உபுண்டு மேல்பட்டையில் பேலன்ஸ்டு, பவர் சேவர் என்று இருக்கும், அதிலேயே மாற்றுங்கள். இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் இன்டெல்-பிஸ்டேட் அடைவில் நோ-டர்போ என்ற கோப்பில் 1 எழுதுங்கள், அடிப்படை வேகத்தைத் தாண்டாது. கரண்ட் வந்ததும் 0. இரண்டுக்கும் இரண்டு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டால் கடைப் பையனும் அழுத்தலாம்.

இப்படி எழுதுவதெல்லாம் அணைத்துப் போட்டால் அழிந்துவிடும். இந்த விஷயத்தில் அது வசதியே: காலையில் கடை திறக்கும்போது டர்போ தானாகத் திரும்பியிருக்கும்.

பேட்டை டிடிபி

இரண்டு ஸ்கிரிப்ட்டும் வைத்துவிட்டேன். கவர்னர் பவர்சேவ், ப்ரெஃபரன்ஸ் பேலன்ஸ் பெர்ஃபார்மன்ஸ், பகலில் டர்போ உண்டு. மலரில் பாதி ஏறிவிட்டது, தேருக்கு முன்னால் முடிந்துவிடும்.

பணகுடிக் காற்று

குட்டை ஒயர் போட்டு ரீபூட் செய்தேன். த்ராட்டில் நிலை 0. வரைபடம் போடும்போது 1500-லேயே நிற்கிறது. கவர்னர் ஆன்டிமாண்ட்டாகவே இருக்கிறது.